போடியார் வீட்டுப் புகைக்கூடு

வீட்டுக் குசினிக்கு எந்தப் புகைக்கூடு நல்லது என்று நேற்றுச் சாந்து குழைத்துக்கொண்டே உங்களுக்குள் சண்டை பிடித்தீர்கள். ஒருவர் தகரம் என்றார், ஒருவர் செங்கல் என்றார், இன்னொருவர் கூரையில் ஓர் ஓட்டை விட்டால் காணும் என்றார். முழங்கால் போய்க் கொத்து வேலையை விட்ட மேசன் ஒருவன் பக்கத்தில் இருக்கிறானே, வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை முழுக்கக் கூடு கட்டியவனாயிற்றே, அவனிடம் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பரவாயில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன், தம்பிமாரே.

தகரம் வேண்டாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, இரண்டு உப்புக்கும் நடுவில் தகரம் எத்தனை காலம் நிற்கும்? கூரை ஓட்டை மழைக்காலத்தில் அடுப்பை நனைக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும்தான் சரி. அடுப்புக்கு மேலே கவிந்து புகையை ஏந்துகிற பகுதியை வாய் என்போம். அது அகலமாக இருக்க வேண்டும். அதற்கு மேலே கழுத்து, ஒடுங்க வேண்டும். அதற்கு மேலே குழல், முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும், பக்கத்தில் தென்னை நிற்கக் கூடாது. முடிந்தது. ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்தில் சொல்லிவிடலாம். இதையெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்த வீட்டைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். அந்த வீட்டுக் கூடு நான் கட்டியவற்றிலேயே நல்ல கூடு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அதற்கு முன் காத்தான்குடிக் கதை ஒன்று. அங்கே ஒரு புடைவை வியாபாரி கொழும்பில் ஏதோ ஒரு துரை பங்களாவின் புகைக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்து, அதே அளவில் தனக்கும் வேண்டும் என்றார். நான் அப்போது வாலிபன். பெரிய வேலை என்று பல்லெல்லாம் தெரியக் கட்டிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் குசினி சும்மா கிடக்கிறது, வியாபாரியின் மனைவி பின்வளவில் முருங்கைக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைக்கிறார்.

"என்ன மேசன், இது கோழி அடைக்கவா கட்டின?" என்று வியாபாரி கத்தினார்.

நான் போனதும் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்ற மனைவி அங்கிருந்தே சொன்னார்: "அவரை ஒருக்கா அடுப்புக்கு முன்னால குந்தச் சொல்லுங்க. அவருக்காகத்தான் நெருப்பு மூட்டி இரிக்கி."

குந்தினேன். பங்களாவில் கோக்கி நின்றுகொண்டு சமைப்பான், அங்கே அடுப்பு இடுப்பளவு மேடையில் இருக்கும். இங்கே அடுப்பு நிலத்தில். கூட்டின் வாய் என் தலைக்கு மேலே எங்கேயோ நின்றது. புகை அவ்வளவு தூரம் போவதற்கு முன்னர் என் மூக்குக்குள் வந்துவிட்டது. கண் ஒழுக, மூக்கு ஒழுக இருமினேன். "இப்ப எப்பிடி இரிக்கி?" என்று கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது. பிறகு சிரிப்பும் கேட்டது. வாயை இறக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த வீட்டை விட்டு வந்தேன்.

அன்றைக்கு எனக்கு ஒரு சட்டம் கிடைத்தது. வீட்டுக்காரரிடம் கேட்காதே, அடுப்புக்கு முன்னால் இருக்கப் போகிறவளிடம் கேள். அவள் எப்படி இருப்பாள், எந்தப் பக்கம் பார்ப்பாள், அவள் நெஞ்சு எந்த உயரத்தில் இருக்கும், எல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நான் பல காலம் பிழைத்தேன். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது என்பது களுவாஞ்சிக்குடிப் போடியார் வீட்டுக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது.

அந்தப் போடியாருக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வட்டை வட்டையாக வயல் இருந்தது. பிள்ளை என்று ஒருத்திதான், பூரணம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெண்ணுக்கு வீட்டைக் கட்டி நிறுத்திவிட்டுத்தான் மாப்பிள்ளையைக் கூட்டி வருவோம். வாவிக் கரையோரமாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் பேசியாயிற்று. நேர் எதிரே படுவான்கரை ஊரில் நல்ல வயல்காரக் குடும்பம். தெளிந்த நாளில் இந்தக் கரையில் நின்றால் அந்த ஊர்த் தென்னைகள் தெரியும்.

"என்ட மகளுக்கு முட்டு வருத்தம் மேசனார்" என்றார் போடியார். "சின்ன வயசில இருந்தே. புகை பட்டா நெஞ்சு அடைச்சிரும். அவள் சமைக்காம குடும்பம் நடத்த ஏலுமா? புகை அண்டாத குசினி ஒண்டு கட்டித் தாங்க."

என் சட்டப்படி நான் பூரணத்தைத்தான் கூப்பிட்டேன். மெலிந்த பிள்ளை. கண்ணில் குறும்பு இருந்தது.

"எப்பிடி இருந்து சமைப்பாய் புள்ள?"

"நான் எங்க சமைச்ச? அம்மா என்னை அடுப்படிக்கே விடுறல்லயே."

"சரி, குந்தினா மூச்சு லேசா வருகுதா, நிண்டா வருகுதா?"

கொஞ்சம் யோசித்தாள். "நிண்டாத்தான். குந்தினா நெஞ்சு மடங்குது."

அப்படியானால் அடுப்பை மேடையில் ஏற்ற வேண்டும். தாய் ஒரேயடியாக மறுத்தார். "நிண்டுகொண்டு சமைக்கிறதா? என்ட மக என்ன பங்களாக் கோக்கியா? மாப்பிள்ளை வீட்டார் பார்த்தா என்ன சொல்லுவாங்க?" என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அம்மாவுக்கு எது சொன்னாலும் கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரில்தான் வந்து முடியும். நான் விடவில்லை. பூரணத்தை வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தி, அவள் கை எட்டும் உயரத்தில் மேடையும், அவள் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே வாயும் வைத்தேன். இன்னொருத்தி வந்து நின்றால் அந்த அளவு பொருந்தாது. அது அவளுக்கென்றே கட்டிய கூடு.

பால் காய்ச்சும் நாளில் பூரணமே அடுப்பு மூட்டினாள். காய்ந்த விறகு, நேரான இழுவை. புகை நெளியாமல் மேலே போனது. பால் பொங்கும்வரை அவள் அசையாமல் அடுப்படியில் நின்றாள், எல்லோரும் அவள் இருமுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி, "அம்மா, கண் எரியல்ல" என்றாள். தாய் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. தொழிலில் அதைவிட நல்ல நாள் எனக்கு இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தாய் வெளியே போய்க் குழலை அண்ணாந்து பார்த்தார். "மேசனார், புகை தெரியுதில்லையே."

"நல்ல கூடு அப்பிடித்தான் அம்மா. காய்ஞ்ச விறகு போட்டா வெளியில புகையே தெரியாது."

"அதுக்கில்ல. அங்கால இருந்து பார்க்கிற ஆக்களுக்கு நம்மட அடுப்பு எரியிறது தெரிய வேணாமா?"

"இது என்ன கப்பலா அம்மா, தூரத்தில இருந்து புகை பார்க்க?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவும் இல்லை.

பிறகு உலகச் சண்டை வந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. கூப்பனுக்கு வரிசை, மரவள்ளிக்கு வரிசை. அந்த வருடம் பார்த்து வெள்ளமும் வந்து போடியாரின் வட்டை முழுவதையும் அழித்தது. போடியார் என்று ஊர் கூப்பிடுகிற மனிதர் அரிசிக்கு வரிசையில் எப்படி நிற்பார்? நிற்கவில்லை. ஊரும் அவருக்குக் குறையிருக்கும் என்று நினைக்கவில்லை. கலியாணம் தள்ளிக்கொண்டே போயிற்று, மூன்று பேரும் புது வீட்டிலேயே குடியிருந்தார்கள். அந்த நாட்களில் எல்லோரும் எல்லோருடைய கூரையையும் பார்த்தார்கள். யார் வீட்டில் அந்திக்கு அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று தெரிந்துகொள்ள வேறு வழி தேவைப்படவில்லை.

வாடைக் காற்று வீசும் மாதத்தில் ஒரு காலை போடியாரின் வயற்காரன் என்னைத் தேடி வந்தான். கூட்டில் புகை திரும்பி வருகிறது, உடனே வரட்டாம் என்றான். எனக்குக் கோபம் வந்தது. நான் கட்டிய கூட்டிலா? யாரோ தென்னை நட்டிருப்பார்கள், அல்லது காகம் கூடு கட்டியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

குசினிக்குள் புகை நின்றது. பூரணம் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவள் மூச்சு எனக்கு வாசலிலேயே கேட்டது. விலா எலும்பு சட்டைக்கு வெளியே தெரிய ஏறி இறங்கியது. நெருப்பை அணைத்துவிட்டு, ஏறிக் கழுத்துக்குள் கையை விட்டேன். கை முழங்கை வரை கறுத்துப் பிசுபிசுத்தது. கரி இப்படிப் பிசுபிசுக்காது. பச்சை ஓலையும் ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டையும் நாள்தோறும் எரிந்தால்தான் இப்படிக் கீல் பிடிக்கும்.

மோந்து பார்த்தேன். சமைக்கிற வீட்டுக் கூட்டில் எண்ணெய் வாடை இருக்கும், மீன் வாடை இருக்கும், தாளித்த மிளகாயின் காரம் மூக்கில் ஏறும். இதில் ஒன்றும் இல்லை. வெறும் ஓலைப் புகை. இறங்கி வந்து அடுப்பில் இருந்த பானையின் மூடியைத் தூக்கினேன். கொதித்து ஆறிக்கொண்டிருந்த தண்ணீர் மட்டும் இருந்தது.

"மூடுங்க மேசனார்" என்று பின்னால் தாயின் குரல் கேட்டது.

மூடினேன். அவர் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். காலையில் மரவள்ளி அவித்தால் மூன்று பேருக்கும் பொழுதுபடும் மட்டும் அதுதான். அந்திக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அடுப்பை மூட்டாமல் விட்டால் அக்கரையில் தெரிந்துவிடும். காய்ந்த விறகு போட்டால் புகை தெரியாது. ஆகவே ஈர மட்டை.

"இண்டைக்கு மாப்பிள்ளையிட தாய்மாமன் வாறார், நாள் வைக்க" என்றார். "அவருக்கு மட்டும் காணக்கூடியதா ஒரு சுண்டு அரிசி ஒளிச்சு வைச்சிருக்கன். வள்ளம் வெளிக்கிட்டிருக்கும். அவர் வாவியில வரக்குள்ள இந்தக் குழல்ல புகை நிக்க வேணும். பெரிய சமையல் நடக்கிற மாதிரி நிக்க வேணும்."

தம்பிமாரே, சுவர் வெடித்தால் என்ன செய்வது என்று உங்களுக்குச் சொல்லித் தர ஆள் இருக்கும். இதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் யோசித்தேன்.

"கூடு வெடிச்சுப்போச்சு எண்டு நான் சொல்லுறன் அம்மா. மேசன் சொன்னா ஆரும் கேள்வி கேட்கமாட்டாங்க. திருத்தி முடியும் மட்டும் அடுப்பு மூட்டத் தேவையில்ல."

"நாள் வைக்கிற அண்டைக்கு அடுப்பு வெடிச்ச வீடெண்டா? அவர் படியேறுவாரா?"

அது எனக்குத் தோன்றவில்லை. உண்மைதான், அப்படியே திரும்பிப் போவார்.

"அப்ப உள்ளதைச் சொல்லுங்க. இந்தச் சண்டைக் காலத்தில ஆருக்குத்தான் அரிசி இருக்கு?"

"அவங்களுக்கு இருக்கு" என்றார் தாய். "அந்தியில ஒருக்கா கரைக்குப் போய்ப் பாருங்க. அவங்கட முகட்டுக்கு மேல புகை எப்பிடி நிக்குதெண்டு பாருங்க. அப்பிடிச் சாப்பிடுற ஆக்கள் பட்டினிக் குடும்பத்தில பெண் எடுப்பாங்களா?"

ஆனால் எனக்கு என் சட்டம் இருந்தது. அடுப்புக்கு முன்னால் இருக்கிறவளைக் கேள். நான் பூரணத்தின் பக்கம் திரும்பினேன். அவள் மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது. தாய் பக்கத்தில் போய் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"புள்ள, நீ சொல்லு. இந்தக் கூட்டுக்கு முன்னால நிக்கிறவள் நீதான். மட்டை எரிச்சா இது திரும்பத் திரும்ப அடைக்கும். உன்ட நெஞ்சும் அடைக்கும். நீ வேணாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, நான் இப்பவே இறங்கிப் போறன். அந்த மாமன்காரனுக்கு நான் பதில் சொல்லுறன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. முதுகில் இருந்த தாயின் கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"துப்புரவாக்கித் தாங்க மேசனார். நான் நிப்பன்."

"ஏலுமா?"

"ஏலும்."

ஏறினேன். அவ்வளவு வேகமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கீலைச் சுரண்டிச் சுரண்டிக் கடகத்தில் போட்டேன். குழலை நீளக் கம்பால் இடித்து இறக்கினேன். முகட்டில் இருந்து பார்த்தபோது வள்ளம் வாவியின் நடுவைத் தாண்டிவிட்டது. கீழே குனிந்து "மூட்டு புள்ள" என்றேன். ஈர மட்டைக்குத் தீப் பிடித்ததும் என் முகத்துக்கு எதிரே குழலிலிருந்து புகை எழும்பியது, கறுத்து, தடித்து, நிமிர்ந்து. உள்ளே ஒரு சொட்டும் திரும்பவில்லை. இறங்கி வந்து பார்த்தேன், பூரணம் நின்றபடியே அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "கண் எரியல்ல" என்றாள்.

தாய்மாமன் நெடிய மனிதர். கரையில் கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்தார். "போடியார் வீட்டு அடுப்புக்குக் குறையில்ல" என்றார். அதைக் கேட்ட போடியாரின் முகத்தை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது. சாப்பாடு வைத்தார்கள். வீட்டார் தாங்கள் பிறகு சாப்பிடுவதாகச் சொன்னார்கள். மாமன் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒரு சொல் பேசவில்லை. கையை நக்கி முடித்த பிறகுதான் நிமிர்ந்து, "பிள்ளையிட கைப்பதம் நல்லா இருக்கு" என்றார். ஒரு சுண்டு அரிசிச் சோற்றுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் அப்போது நினைத்தேன், அதற்கு மேல் நினைக்கவில்லை. தை பிறந்ததும் கலியாணம் என்று நாள் வைத்தார்கள்.

போகும்போது தாயிடம் சொன்னேன், மாதம் ஒரு தரம் நான் வந்து கழுத்தைச் சுரண்டித் தருவேன், அதுவரை மட்டையைக் குறைத்து எரியுங்கள் என்று. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் சொன்னபடி வரத்தான் நினைத்திருந்தேன். அடுத்த கிழமையே பட்டாளத்துக் கட்டட வேலைக்கு மேசன்மாரையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்தால் சண்டை எப்படி நடக்கும் என்று மேற்பார்வைக்காரன் கேட்டான். ஆள் சொல்லி அனுப்பினேன், வேறு மேசனைக் கூப்பிட்டாவது துப்புரவாக்குங்கள் என்று. வேறு மேசன் வந்தால் அவனும் கழுத்துக்குள் கையை விடுவான், மோந்து பார்ப்பான் என்று அவர்கள் பயந்திருப்பார்கள். கூப்பிடவில்லை.

தை கழிந்து ஒரு நாள் என்னை வீட்டுக்கு விட்டார்கள். படுவான்கரைப் பக்கமாக வந்து அந்தி சாய வள்ளம் ஏறினேன். களைத்துப்போயிருந்தேன். வாவி அலை இல்லாமல் கிடந்தது. பாதித் தூரம் வந்ததும் எதிர்க் கரை தெரிந்தது. போடியார் வீட்டுக் குழல் தெரிந்தது. அதில் புகை நின்றது. கறுத்து, தடித்து, நிமிர்ந்து.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் புகை பொய் என்று இந்த உலகத்தில் முதலிலேயே தெரிந்த நான்கு பேரில் நான் ஒருவன். கழுத்துக்குள் கையை விட்டு மோந்தவன். அப்படியிருந்தும் அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. கலியாணம் முடிந்துவிட்டது, பூரணம் புருசனுக்குச் சமைக்கிறாள், மேடையில் நேராக நின்றுகொண்டு சமைக்கிறாள் என்று என் மனம் தானாகச் சொல்லிக்கொண்டது. அதே வள்ளத்தில் முன்னால் இருந்த மனிதரிடம், "போடியார் வீட்டில அடுப்பு எரியுது" என்றேன், வாய் சும்மா இராமல்.

அவர் திரும்பினார். தாய்மாமன். மடியில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தார்.

"எரியுதுதான்" என்றார். "பிள்ளை போயிட்டுது மேசனார். தை பிறக்க முந்தியே. அடுப்படியில நிண்டபடிதானாம் விழுந்த."

வள்ளக்காரன் கம்பு ஊன்றுவதை நிறுத்திவிட்டான். மாமன் பொட்டலத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கொஞ்சம் அரிசி. தாய்க்குக் குடுக்கப் போறன். செத்த வீட்டில அவ எல்லாத்தையும் சொல்லி அழுதா. இப்ப மறைக்க என்ன கிடக்கு? எங்கட வட்டையும் அந்த வெள்ளத்தோட போனதுதான். நாங்களும் அந்தியானா வெறும் பானையை வைச்சு ஓலை எரிச்சம். எங்கட அக்கா சொல்லுவா, அங்க பாருங்க அவங்கட புகையை, அவங்கட மகளை எடுக்கிறதெண்டா நம்மட அடுப்பும் எரிய வேணும் எண்டு. நாள் வைக்க வந்த அண்டைக்கு அங்க நான் திண்ட சோறுதான் பல நாளைக்குப் பிறகு நான் கண்ட சோறு." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் யாருக்காக எரித்தார்கள்? இந்தக் கரை அந்தக் கரையைப் பார்த்து எரித்தது, அந்தக் கரை இந்தக் கரையைப் பார்த்து எரித்தது. நடுவில் ஒரு பிள்ளையின் நெஞ்சு. யாராவது ஒருவர் ஒரே ஓர் அந்தி மூட்டாமல் விட்டிருந்தால் மற்றவரும் விட்டிருப்பார். எனக்கு அந்த வள்ளத்தில் இருந்து எழும்பவே மனம் வரவில்லை.

மாமன் போடியாரோடு வெளியே இருந்துவிட்டார். நான் குசினிக்குப் போனேன். தாய் மேடைக்கு முன்னால் நின்றார். அவர் பூரணத்தைவிடக் கட்டை, வாய் அவருக்கு உயரம், ஆகவே புகை பாதி அவர் முகத்தில் பட்டது. கண் சிவந்திருந்தது. அது புகையாலா என்று நான் கேட்கவில்லை. பானையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கவில்லை.

"இன்னும் ஏன் அம்மா மட்டை போடுறீங்க?"

"தெரியல்ல மேசனார். அந்தியானா கை தானாப் போகுது." இன்னொரு மட்டையை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, "மூட்டாம விட்டா அவள் இல்ல எண்டு ஆகிரும்" என்றார்.

நான் நின்றேன். அன்றைக்கு நான் கேட்ட கேள்வியும் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்த பார்வையும் என் கண்ணுக்கு முன்னால் நின்றன. என் சட்டத்தில் இருந்த ஓட்டை அதுதான். அடுப்புக்கு முன்னால் இருக்கிறவளைக் கேள் என்கிறேன். கேட்டேன். அவள் முதுகில் வேறொருவர் கை இருக்கும்போது கேட்டால் அந்தக் கைதான் பதில் சொல்லும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்கமாட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால் உங்களுக்குப் புதிய சட்டம் எதையும் என்னால் தர முடியாது. தகரம் வேண்டாம், செங்கல் நல்லது, வாய் அகலம், கழுத்து ஒடுக்கம். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

திரும்பிப் போகலாம் என்று படியில் கால் வைத்தபோது தாய் கூப்பிட்டார்.

"மேசனார், கூடு அடைச்சிருக்கு. புகை உள்ளுக்கு வருகுது. ஒருக்கால் பார்க்கிறீங்களா?"

சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். கழுத்துக்குள் கையை விட்டு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். வேறு என்ன செய்ய? எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.